பிரம்மநாயகி நடந்த தடம்

"தங்கள் மனு ஏற்கப்பட்டு, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, முடித்து வைக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி பிரம்மநாயகியின் கைபேசிக்கு வந்தபோது, அவருடைய இலைக்கட்டுகள் டிப்பர் லாரிக்குள் கிடந்தன. நான் பழுது பார்த்து அடுக்கி வைத்திருந்த குக்கர்களும் அதே லாரிக்குள்தான் கிடந்தன. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்தான் அவர். ஆனாலும் அன்று கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"என்ன பாய் எழுதிருக்கு?"

"நடவடிக்கை எடுத்தாச்சாம்."

"எங்கன?"

நான் லாரியைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது?

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிப்பதற்கு இதில் எதுவும் இல்லை. ஒரு பெண் தன் வழியைக் கேட்டார்; அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கே செய்தி அனுப்பினார்கள். இது எப்படி நடந்தது என்பதை முறையாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மனுவின் ஒப்புகைச் சீட்டு, அபராத ரசீது, பதில் கடிதங்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன. அவற்றில் பிரம்மநாயகி யார் என்பது மட்டும் இல்லை. "மனுதாரர்" என்று இருக்கிறது. ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

மருதங்கரை, தாமிரபரணியின் தென்கரையில் உள்ள சிற்றூர். அங்கே ஆட்கள் நடந்து நடந்து உண்டான வழியைத் தடம் என்பார்கள். தார் போட்டால் ரோடு. மாட்டுவண்டி போனால் வண்டிப்பாதை. மனிதர் கால் பட்டு மட்டும் உண்டானது தடம். அந்த ஊரிலிருந்து முன்பு மூன்று தடங்கள் புறப்பட்டன. வடக்கே ஆற்றைக் கடந்து முக்கூடலுக்கு ஒன்று. வயல்களுக்கு நடுவே வீரவநல்லூருக்கு ஒன்று. ஆற்றோரமாகவே கிழக்கே சென்று, நான் கடை வைத்திருக்கும் அரசமங்கலத்தில் ஏறுவது மூன்றாவது.

பிரம்மநாயகி முக்கூடலில் பிறந்தவர். பாவாடை கட்டிய வயதிலேயே மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றியவர். மருதங்கரை மாரிக்கண்ணுவுக்கு அவரைக் கொடுத்தார்கள். கல்யாணம் சித்திரை மாதத்தில். ஆறு ஒரு கோடாக ஒடுங்கி, அகலமெல்லாம் மணலாகக் கிடந்த காலம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை மணல்வழியே அழைத்து வந்தார்கள். உச்சி வெயில். மணல் சூடு பொறுக்காமல் மணப்பெண் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடிக் கரையேறிவிட்டார்.

"பொண்ணுக்கு நம்ம மாரிக்கண்ணு மேல இம்புட்டு ஆசையான்னு ஊரே சிரிச்சிச்சு, பாய்" என்பார். "எனக்கு உள்ளங்கால் வெந்த கதை எவளுக்குத் தெரியும்?"

அந்த மணலைத்தான் பிற்பாடு அள்ளினார்கள். யார் அள்ளினார்கள், யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். ஆற்றுக்குள் பள்ளம் விழுந்தது. மேலே தெளிந்த தண்ணீர், கீழே ஆள் முழுகும் ஆழம். மாட்டை ஓட்டி இறங்கிய ஒருவர் திரும்பி வரவில்லை. அதன்பின் முக்கூடல் தடத்தில் யாரும் கால் வைக்கவில்லை.

பிரம்மநாயகியின் தாய் இறந்த அன்று அக்கரையில் கொட்டுச் சத்தம் எழுந்தது. அது இக்கரையில் தெளிவாகக் கேட்டது. முன்பென்றால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடும் தூரம். அன்று அவர் ரோட்டுக்கு வந்து, ஒரு பஸ் ஏறி, பாலம் உள்ள ஊரில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறிப் போனார். போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். தாயின் முகத்தை அவர் பார்க்கவில்லை. இதற்கு எந்த அலுவலகத்திலும் மனு போட முடியாது.

வீரவநல்லூர்த் தடம் வேறு விதமாகப் போயிற்று. அதன் பாதியைத் தார்ச் சாலை ஆக்கினார்கள், மீதியை உழுதுவிட்டார்கள். ஊருக்குள் பஸ் வந்தது. முதல் நாள் அதற்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். சில வருடங்களில் பயணிகள் குறைவு என்று சொல்லிப் பஸ் பாதிநாள் வந்தது, பிறகு நினைத்த நாளில் வந்தது. கூடங்குளத்தில் ஒப்பந்த வேலைக்குப் போன மாரிக்கண்ணு, முதுகெலும்பு நகர்ந்து திரும்பி வந்த பிறகு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிரம்மநாயகி அந்தச் சாலையில் பஸ்ஸுக்காக வெயிலில் நின்ற நாட்கள் பல. நிழல் தந்த மரங்கள் பழைய தடத்தோடு போய்விட்டன.

மிஞ்சியது மூன்றாவது தடம். கணவர் படுத்த பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அதுதான்.

அவருடைய தொழில் வாழை இலை. மருதங்கரைத் தோப்புகளில் இலையை மொத்தமாகப் பேசி, அறுத்து, நுனி இலையை வேறாகவும் நடு இலையை வேறாகவும் சுருட்டிக் கட்டி, தலையில் வைத்து அரசமங்கலத்துக்கு வருவார். சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தது போக மீதியைக் கடைவீதி ஓரத்தில் விரிப்பார். எனக்கும் கொய்யாப்பழம் விற்கும் தேவேந்திரனுக்கும் நடுவில் அவருடைய இடம். இலை வியாபாரத்தில் வெயில்தான் எதிரி. இலை வாடிவிட்டால் ஓரம் சுருளும். சுருண்ட இலையில் சாம்பாரை ஊற்றினால் வேட்டிக்குப் போகும். மறுநாள் கடைக்காரர் முகம் கொடுக்கமாட்டார். ஆற்றோரத் தடம் முழுவதும் மருத மர நிழல். இடையிடையே இறங்கிக் கட்டைத் தண்ணீரில் முக்கிக்கொள்ளலாம். அவர் கொண்டுவரும் இலை அறுத்த இடத்தில் இருப்பது போலவே வந்து சேரும்.

பஸ்ஸில் வரலாமே என்பவர்கள் அவரோடு ஒருமுறை பஸ் ஏறிப் பார்க்கவேண்டும். "இது டவுன் பஸ்ஸா, கல்யாண வீடா? கட்டை இறக்கும்மா" என்று நடத்துநர் சத்தம் போடுவார். ஆட்டோவில் வந்தால் இலை விற்ற காசு ஆட்டோவுக்கே போகும். ஆகவே தடம் என்பது அவருக்கு வழி மட்டுமன்று. சரக்கு கெடாமல் சந்தைக்கு வந்து சேரும் ஒரே முறை அது.

பெருவெள்ளம் வந்து வடிந்த பிறகு ஆற்றோரத் தோப்புகள் மலிவாகக் கைமாறின. தடத்தை ஒட்டிய தென்னந்தோப்பைத் தேவசிகாமணி என்பவர் வாங்கினார். சென்னையில் ஏதோ நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்று, சொந்தப் பக்கத்துக்குத் திரும்பியவர். விருந்தினர் வந்து தங்கும் விடுதி கட்டப்போவதாகச் சொன்னார்கள். சென்ற மாசி மாதம் ஒருநாள் காலையில் பிரம்மநாயகி கட்டோடு வந்தபோது, தோப்பிலிருந்து கரையின் விளிம்புவரை கம்பி வேலி நின்றது. தடம் வேலிக்குள் போயிருந்தது. தேவசிகாமணி உள்ளே நின்று தென்னைக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னய்யா, தடத்துல கம்பி போட்டிருக்கீக?"

"எந்தத் தடம்மா? இது என் தோப்பு. பத்திரம் இருக்கு."

"தோப்பு உம்மதுதான். தடமும் பத்திரத்துல இருக்கா?"

"ரோடு இருக்குல்லா, அதுல போங்க. உங்க நன்மைக்குத்தான் சொல்லுதேன். இங்கன பாம்பு கிடக்கு."

"பாம்பு எங்களுக்கு வழி விடும்வே. நீருதான் விடமாட்டேங்கீரு."

அன்று அவர் ரோடு சுற்றி வந்து சேர்ந்தபோது இலை கறுத்திருந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் பாதியைத் திருப்பி அனுப்பினார்.

கரை ஊருக்குப் பொது. தோப்பின் எல்லை கரைக்கு உள்ளே முடிகிறது என்பது மருதங்கரையில் எல்லோருக்கும் தெரியும். அதை அளந்து சொல்லவேண்டியவர்கள் அரசு ஊழியர்கள். ஆகவே மனு கொடுக்கச் சொன்னேன். அவர் இணையச் சேவை மையத்துக்குப் போனார். அங்கே கணினியில் இருந்தவர் ஷம்ஸியா என்ற பெண், பொறுமையானவர், கேட்டதை ஒழுங்காகத்தான் கேட்டார்.

"என்ன பிரச்சினைக்கா?"

"தடத்தை அடைச்சிட்டாங்கம்மா."

"தடம்னு போட்டா மேல உள்ளவங்களுக்கு விளங்காதுக்கா. நல்ல தமிழ்ல போடுவோம்." திரையில் இருந்த பட்டியலில் தேடினார். தடம் இல்லை. ஒற்றையடிப் பாதை இல்லை. "நடைபாதை ஆக்கிரமிப்பு" இருந்தது. "இந்தா, நமக்குன்னே வச்சிருக்கான். நடக்கிற பாதை, நடைபாதை. சரிதானக்கா?"

யாருக்குத்தான் சரியாகத் தோன்றாது? நடக்கும் பாதையை நடைபாதை என்று சொல்வதில் என்ன பிழை? இடம் என்ற கட்டத்திலும் மருதங்கரை இல்லை. சிற்றூர் ஆகையால் அதற்குத் தனியாகப் பெயர் கொடுக்கவில்லை. அரசமங்கலம் இருந்தது. அதை அழுத்தினார். கீழே விளக்கம் என்ற கட்டத்தில், பிரம்மநாயகி சொல்லச் சொல்ல, ஆற்றோரம், தென்னந்தோப்பு, கம்பி வேலி என்று மூன்று வரி தட்டினார்.

ஷம்ஸியா மீது எனக்குக் கோபம் கிடையாது. அந்த மூன்று வரியை வாசிக்காதவர்கள் மீதுதான் கோபம். மனு போய்ச் சேர்ந்த பேரூராட்சி அலுவலகத்தில் நடைபாதை என்றால் கடைவீதியில் ரோட்டின் ஓரம். அதை ஆக்கிரமித்திருப்பவர்கள் எங்களைப் போன்ற தரைக்கடைக்காரர்கள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த உலகம். தலைப்பை மட்டும் பார்த்தார்கள். தென்னந்தோப்பும் கம்பி வேலியும் அரசமங்கலம் கடைவீதியில் எங்கே இருக்கிறது என்று ஒருவர், ஒரே ஒருவர், யோசித்திருந்தால் போதும். எளியவன் கடையைத் தூக்கும் வேலை என்றால் யோசனை எதற்கு? கிடப்பில் போடும் பழக்கமெல்லாம் அன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அத்தனை விரைவாக ஒரு மனுவின் மீது நடவடிக்கை எடுத்ததை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை.

வைகாசி மாதம் லாரி வந்தது. கையில் தாளோடு இறங்கிய அலுவலர், "புகார் வந்திருக்கு. எல்லாரும் எடுங்க" என்றார்.

"யாரு சார் கொடுத்தா?" என்றார் தேவேந்திரன்.

அலுவலர் தாளைப் பார்த்து வாசித்தார். "பிரம்மநாயகி. கணவர் பெயர் மாரிக்கண்ணு."

எல்லோரும் திரும்பினோம். பிரம்மநாயகி எழுந்து நின்றார். "அது நான்தான்யா."

"உங்க மனு மேலதாம்மா நடவடிக்கை."

"அப்பம் என் இலையை ஏன்யா தூக்குதீக?"

"மனுதாரருக்குன்னு தனிச் சலுகை கிடையாதும்மா."

இந்தப் பதிலை நான் அப்படியே தருகிறேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை. அதன்பிறகுதான் அந்தக் குறுஞ்செய்தி வந்தது.

பொருளை மீட்க ஒவ்வொருவரும் அபராதம் கட்டினோம். என் குக்கர்களில் பாதி நசுங்கியிருந்தன. தேவேந்திரனின் பழம் கூழாகியிருந்தது. கோபம் யார் மீது திரும்பும்? லாரியோடு வந்தவர் போய்விட்டார். பிரம்மநாயகி எதிரே நின்றார்.

"யக்கா, அடுத்த மனு எதுக்கு? எங்க வீட்டைக் காலி பண்ணவா?" என்று தேவேந்திரன் கேட்டார். "முன்கூட்டியே சொல்லிருங்க, சட்டி பானையைக் கட்டணும்லா."

"லே, நான் ஆத்துத் தடத்துக்குக் கொடுத்தேம்லே."

"ஆத்துத் தடம் கொய்யாப்பழமா வித்துச்சு?"

அவர் கிழிந்த இலைகளை ஒதுக்கத் தொடங்கினார். அந்தப் பெண் ஒருவருக்குப் பேச்சில் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுபடியும் இடம் கேட்டு நாங்கள் எல்லோரும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். மனுவைத் திரும்பப் பெறுவதாக மனுதாரரே எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார்கள். தட்டச்சு செய்த தாள் தயாராகவே இருந்தது. எழுத்தர் அதைப் பிரம்மநாயகியிடம் நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார். பின்னால் கடைக்காரர்கள் எல்லோரும் நின்றோம். பிரம்மநாயகி தாளை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார்.

நான் வாசித்தேன்: "எனது மனுவில் கண்ட அரசமங்கலம் நடைபாதையில் யாதொரு ஆக்கிரமிப்பும் இல்லை என்றும், தவறுதலாக மனு அளித்துவிட்டேன் என்றும், இனி இது சம்பந்தமாக மனு ஏதும் அளிக்கமாட்டேன் என்றும்..."

"நிறுத்தும் பாய். எந்த நடைபாதை?"

"உங்க மனுவில எது இருக்கோ அதுதாம்மா" என்றார் எழுத்தர்.

"என் மனுவில ஆத்தோரம்னுல்லா இருக்கு. அப்பம் ஆத்தோரம் வேலி இல்லைன்னு நானே எழுதித் தாரேனா?"

எழுத்தருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கடைவீதியிலிருந்து எங்களைத் துரத்திய அதே சொல், இப்போது தடத்தையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளப் பார்த்தது. நாளைக்குத் தேவசிகாமணி இந்தத் தாளின் நகலை எடுத்து நீட்டினால் போதும்.

"யக்கா, போடுங்க" என்றார் தேவேந்திரன். குரலில் கேலி இல்லை. அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். "வேலியைப் பெறகு பாத்துக்கிடலாம்."

"பெறகு எந்தக் கையால பாக்க? இதுல கையெழுத்துப் போட்ட கையாலயா?"

"எங்க பொழப்பு உங்க கையிலல்லா இருக்கு?"

"தெரியும்லே. அதான் நிக்கேன். இல்லேன்னா இந்நேரம் கிழிச்சிருப்பேன்." எழுத்தரைப் பார்த்து, "ஐயா, நடைபாதையை அடிங்க. கடைவீதின்னு போடுங்க. கடைவீதியில கடை வச்சிருக்கவங்க மேல எனக்கு ஆவலாதி இல்ல. ஆத்துத் தடத்துல வேலி போட்டவர் மேல உண்டு. ரெண்டையும் எழுதுங்க. போடுதேன்" என்றார்.

"ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான்மா."

"ஒரு பொம்பளைக்கு ஒரு பிரச்சினைதான் இருக்கணும்னும் சட்டம் இருக்கா?"

சத்தம் கேட்டு உள்ளிருந்து மேலதிகாரி வந்தார். விவரம் கேட்டார். "தடம் என்பதெல்லாம் பேச்சு வழக்கும்மா. அரசுப் பதிவில் அப்படி ஒரு சொல் கிடையாது" என்றார்.

வரிசையில் வீட்டு வரி கட்ட நின்ற ஒருவர் எங்களோடு சம்பந்தமே இல்லாதவர். அவர் தலையை நீட்டினார். "பஸ் முகப்புல தடம் எண்ணுன்னு எழுதிருக்கே சார், அது எந்த அரசு?"

வரிசை முழுவதும் சிரித்தது. எழுத்தரும் சிரித்துவிட்டார். அதிகாரி எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கடைவீதின்னு மாத்தி அடிச்சு வாங்குங்க. ஆத்து விஷயம் வருவாய்த் துறை. அங்க போகச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

மாற்றிய தாளில் பிரம்மநாயகி கையெழுத்துப் போட்டார்; அப்படித்தான் எங்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. ஒருவரும் எங்களிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அபராதத்தைத் திருப்பித் தரவில்லை. தேவேந்திரன் மறுநாள் இரண்டு கொய்யாவை எடுத்துப் பிரம்மநாயகியின் சாக்கில் வைத்தார். "உப்பு எங்கலே?" என்றார் அவர். சண்டை அதோடு முடிந்தது.

தடம் முடியவில்லை. வருவாய்த் துறைக்கு அனுப்பிய புதிய மனுவில் தடம் என்றே எழுதினேன். அடைப்புக்குறிக்குள் விளக்கமும் எழுதினேன். ஆனி, ஆடி, ஆவணி என்று மாதங்கள் போயின. அவர் ரோடு சுற்றியே வந்தார். ஒவ்வொரு நாளும் கட்டைப் பிரித்தவுடன் மேல் இலையைத் தொட்டுப் பார்ப்பார்; முகம் சுருங்கும். ஒரு சாப்பாட்டுக் கடை பச்சை வண்ணம் அச்சடித்த காகித இலைக்கு மாறிற்று. இன்னொன்றும் மாறப்போவதாகச் சொன்னது.

"பேப்பர்ல சோறு போட்டா தின்னுவாங்களா, பாய்?"

"தின்னுதாங்களே."

"அப்பம் பேப்பர்லயே நடந்துக்கிட வேண்டியதுதான்" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

புரட்டாசியில் கள ஆய்வுக்கு வந்தார்கள். ஜீப் நேராகத் தேவசிகாமணியின் தோப்பு வாசலில் போய் நின்றது. இளநீர் வெட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மனு கொடுத்தவரும், முதுகைப் பிடித்துக்கொண்டு வந்த மாரிக்கண்ணுவும், ஊரார் சிலரும், நானும் வேலிக்கு வெளியே நின்றோம். வெகுநேரம் கழித்து அலுவலர்கள் வேலியோரம் வந்தார்கள். முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது.

"பாதை இருந்ததுக்கான அடையாளமே இல்லையேம்மா" என்றார் மூத்தவர்.

"மாசியில இருந்து அடைச்சி வச்சா புல்லு முளைக்காம மல்லியப்பூவா பூக்கும்?" என்றார் மாரிக்கண்ணு.

"பெரியவரே, சும்மா இருங்க. யாராவது நடந்தாத்தானே அது பாதை?"

"நடக்க விட்டாத்தானே ஐயா நடக்க?" என்றார் பிரம்மநாயகி. "கதவைத் தொறந்து விடுங்க. இந்தா, இப்பம் நடந்து காட்டுதேன். நாளைக்கு வாங்க, புல்லு சாஞ்சிருக்கும். அடுத்த மாசம் வாங்க, மண்ணு தெரியும்."

அலுவலர் குறித்துக்கொண்டார். எதைக் குறித்தார் என்பது கடிதம் வந்தபோது தெரிந்தது. "கள ஆய்வின்போது மேற்படி பாதை பொதுமக்கள் பயன்பாட்டில் இல்லை எனத் தெரியவருவதால், மனு நிராகரிக்கப்படுகிறது." எல்லை அளக்கப்பட்டதா? இல்லை. கரை யாருடையது என்று பார்க்கப்பட்டதா? இல்லை. வேலி எப்போது போடப்பட்டது என்று கேட்கப்பட்டதா? இல்லை. அடைத்தவனிடம் ஒரு கேள்வியும் கிடையாது. அடைபட்டவர் நடக்கவில்லை என்பது குற்றமாகக் குறிக்கப்பட்டது. வாயைப் பொத்திவிட்டு, இவர் பேசவில்லை என்று எழுதுவதற்கு ஒப்பான இந்த வாக்கியத்தை எழுத ஒருவருக்குச் சம்பளம் தருகிறோம். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவன் அல்லன். அரசாணைகளையும் விதிகளையும் பொருள் சுற்றிக் கொடுக்கக் கடைக்கு வாங்கிய பழைய தாள்களில் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். நான் படித்தவற்றில் எதிலும், பூட்டிய வழியில் புல் முளைத்தால் வழி செத்துவிடும் என்று இல்லை.

கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "பயன்பாட்டில் இல்லை" என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். மேல்முறையீடு செய்யலாம், தயார் செய்கிறேன் என்றேன்.

"செய்யும் பாய்" என்றார். "அது வார வரைக்கும் இலை காத்துக் கிடக்குமா?"

மறுநாள் காலையில் நான் மருதங்கரைக்குப் போயிருந்தேன். மேல்முறையீட்டில் ஊராரின் கையெழுத்து வேண்டியிருந்தது. பிரம்மநாயகி கட்டைத் தலையில் வைத்து ரோட்டுப் பக்கம் திரும்பாமல் ஆற்றுப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். வேலி வரை வந்தார். வேலியின் கடைசித் தூண் கரை விளிம்பில் நின்றது. அதற்கு அப்பால் சரிவு. சரிவுக்குக் கீழே ஆறு. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் கட்டைப் பிடித்து, மறு கையால் வேர்களைப் பற்றித் தண்ணீருக்குள் இறங்கினார். இந்தப் பக்கம் மணல் அள்ளாத இடம். பள்ளம் இல்லை, பாறையும் உருண்டைக் கல்லும்தான். முழங்காலுக்குச் சற்று மேலே தண்ணீர். வேலிக்கு வெளியே, வேலியை ஒட்டியே, கிழக்கே நடந்தார்.

தேவசிகாமணி விளிம்புக்கு ஓடி வந்தார்.

"ஏம்மா, என்ன பண்ணுதீங்க? விழுந்து வச்சா என் மேலல்லா பழி வரும்?"

"விழுந்தா ஆத்துக்குள்ளதான்வே விழுவேன். உம்ம தோப்புக்குள்ள விழமாட்டேன், பயப்படாதேயும்."

"சொன்னா கேளுங்கம்மா!"

"தண்ணிக்கும் பத்திரம் வச்சிருக்கீரா? இருந்தா எடுத்துட்டு வாரும், நின்னு வாசிச்சிட்டுப் போறேன்."

அதற்குள் பால் கேனோடு வந்த ஒரு பெண்ணும், அரசமங்கலத்தில் வீட்டு வேலைக்குப் போகும் இருவரும் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிரம்மநாயகி திரும்பாமலே, "பைய வாங்கட்டி, கல்லு வழுக்குது" என்றார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியாக இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. ஒரு வழியைக் கேட்டதற்காக ஐந்து பேர் ஆற்றுக்குள் நடக்க வேண்டியிருந்த அந்த நாளில், மேலே வேலிக்குள் நல்ல உலர்ந்த தடம் எங்களோடு கூடவே வந்தது. ஒவ்வொரு அடியிலும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதனால்தான் இதை இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

அன்றுமுதல் அவர் அப்படித்தான் வருகிறார். நாளுக்கு நாள் கூட வருபவர்கள் அதிகமாகிறார்கள். வழுக்கும் கற்களை யாரோ புரட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்தால், மணிமுத்தாற்றுத் தண்ணீரும் சேர்ந்து வந்தால், அந்த இடத்தில் ஆள் நிற்க முடியாது. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், மேல்முறையீட்டைப் பெற்றுக்கொண்டவர்களுக்கும் தெரியும், அதில் எழுதியிருக்கிறேன். இதுவரை ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்திருக்கிறது.

முதல் நாள் அவர் கடைவீதிக்கு வந்தபோது சேலையிலிருந்து தண்ணீர் சொட்டி, அவர் வந்த வழியெல்லாம் ரோட்டில் ஈரக் கோடாகத் தெரிந்தது. சாக்கை விரித்துக் கட்டைப் பிரித்தார். மேல் இலையைத் தொட்டுப் பார்த்தார். மொறமொறவென்று இருந்தது. தேவேந்திரன் தராசைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"என்னக்கா, ஆத்துக்குள்ளயா வந்தீக?"

"தடத்துலதாம்லே வந்தேன்" என்றார் பிரம்மநாயகி. "நாளைக்கு எந்த ஆபீசர் வந்து கேட்டாலும் அப்படியே சொல்லு."

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைப் பிழிந்தார். அந்தத் தண்ணீரை வீணாக்காமல் இலைகளின் மீதே தெளித்தார்.